பிபிஎச் (பிரசவத்துக்கு அப்புறம் ரத்தம் அதிகமா போறது) ட்ரில்ல 5 பேர் ஓடுறாங்க, 18 பேர் சுவத்தோரம் நிக்கிறாங்க. அந்த 18 பேரை என்ன பண்றது?

லேபர்வார்டு_ஏபி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மெடிக்கல் காலேஜ்ல ஓஜி (மகப்பேறு) டிபார்ட்மென்ட்ல அசிஸ்டன்ட் ப்ரொஃபசரா இருக்கேன். மாசம் 2 தடவ சிஆர்ஆர்ஐ (எம்பிபிஎஸ் முடிச்சு இன்டர்ன்ஷிப் பண்ற) பசங்களுக்கு ஸ்கில்ஸ் லேப்ல பிபிஎச் ட்ரில் எடுக்கறது என் பொறுப்பு. 2019-ல புது கரிக்குலம் வந்ததுக்கு அப்புறம் ஸ்கில்ஸ் லேப் கட்டாயம் ஆயிடுச்சு, ரூம் இருக்கு, மேனிக்கின் இருக்கு, ஆனா ஒரு பேட்ச்சுக்கு 23 பேர், கைல இருக்கறது 2 மணி நேரம், ஆள்னு பாத்தா நானும் ஒரு நர்சிங் ட்யூட்டரும் மட்டும்தான்.

எங்ககிட்ட இருக்கறது மாமா நடாலி. தெரியாதவங்களுக்காக சொல்றேன், அது ஒரு ஆள் இடுப்புல கட்டிக்கிட்டு பிரசவம் ஆன அம்மாவா நடிக்கிற மாதிரி செஞ்சது, உள்ள ரத்தத்துக்கு ஒரு டேங்க், நடிக்கிறவங்களே ரத்தம் போற வேகத்தையும் கர்ப்பப்பை இறுகுறதையும் மாத்திக்கலாம். ட்யூட்டர் மேடம் அதைக் கட்டிக்கிட்டு படுத்தாங்கன்னா வயித்த பிசையுறப்ப நிஜமாவே கத்துவாங்க, "என் புள்ளைய காட்டுங்க"ம்பாங்க, உள்ள இருக்கற 5 பேருக்கும் வேர்த்துடும். அந்த 5 பேரைப் பத்தி எனக்கு கவலையே இல்ல.

கவலை மீதி 18 பேரைப் பத்தி. முதல் 2 நிமிஷம் எட்டி எட்டி பாப்பாங்க, அப்புறம் ஒருத்தன் செவுத்துல சாஞ்சுடுவான், ஒருத்தி போன எடுப்பா, பின்னாடி ரெண்டு பேர் பிஜி என்ட்ரன்ஸ் கேள்வி பேசிட்டு இருப்பாங்க. போன வாரம் ட்ரில் முடிஞ்சதும் அப்படி நின்னவங்கள்ல ஒரு பொண்ண கூப்பிட்டு எப்படி பண்ணாங்கன்னு கேட்டேன், "நல்லா பண்ணாங்க மேடம்"னா. ரத்தம் எவ்வளவு போயிருக்கும்னு கேட்டேன், கொஞ்சம் யோசிச்சிட்டு "300 எம்எல் இருக்கும் மேடம்"னா. டேங்க்லேர்ந்து நாங்க விட்டது 1100. அவ நின்ன எடத்துக்கும் கட்டிலுக்கும் 10 அடிகூட இருக்காது, 12 நிமிஷமும் அதைத்தான் பாத்துட்டு நின்னா. திங்கக்கிழமை அவளுக்கு லேபர் வார்டு நைட் டியூட்டி ஆரம்பம். அன்னைக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கம் வரல, உண்மையா சொல்றேன்.

செக்லிஸ்ட் குடுத்து பாத்தாச்சு. 28 பாயின்ட் போட்டு ஆளுக்கு ஒரு தாள். எல்லாரும் தலைய குனிஞ்சு தாளத்தான் பாத்தாங்க, கட்டில பாக்கல, கடைசில வாங்கி பாத்தா எல்லாத்துக்கும் டிக் இருந்துச்சு, பண்ணாத விஷயத்துக்குக் கூட. 23 பேரையும் உள்ள விடலாம்னா நேரம் இல்ல. ரெக்கார்ட் பண்ணி அப்புறமா போட்டு காட்டலாம்னா அதுக்கும் ஆள் இல்ல. இன்னொன்னும் இருக்கு, வெளிய நிக்கிறவங்க சிரிச்சதுல உள்ள இருந்த ஒரு பையன் ரொம்ப நொந்துட்டான், அடுத்த தடவ நான் வரல மேடம்னுட்டான்.

நீங்கல்லாம் உங்க லேப்ல என்ன பண்றீங்க? பெரிய ஊர்ல கண்ணாடி வச்ச கன்ட்ரோல் ரூமெல்லாம் இருக்கும், எங்ககிட்ட அதெல்லாம் இல்ல, ஒரே ரூம், 30 நாற்காலி. அதுக்குள்ள செய்யுற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

---

கேஷுவால்டி_டாக்டர் எழுதினது:

மேடம், அந்தப் பொண்ணு 300-ன்னு சொன்னதுக்கு அவள மட்டும் குத்தம் சொல்ல முடியாது. கண்ணால பாத்து ரத்தத்த கணக்கு போடறதுல அனுபவம் உள்ளவங்களே கம்மியாத்தான் சொல்லுவாங்க, ரத்தம் நிறைய போகப் போக இன்னும் கம்மியா சொல்லுவாங்க. இ-மோட்டிவ் ட்ரயல் உங்க ஃபீல்டு, என்ன விட உங்களுக்கு நல்லாவே தெரியும், மத்தவங்களுக்காக சொல்றேன். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா 4 நாட்டுலயும் சேத்து 80 ஆஸ்பத்திரில பண்ணாங்க, 2023-ல வந்துச்சு. அளவுக்கோடு போட்ட டிரேப்ப (ரத்தம் சேர்ற பிளாஸ்டிக் விரிப்பு) அடியில விரிச்சு ரத்தத்த நேரா அளந்து, அளவு தாண்டினதும் கர்ப்பப்பைக்கு மசாஜ், அத சுருக்கற ஆக்சிடோசின், உறைஞ்ச ரத்தம் கரையாம வைக்கிற டிரானெக்சாமிக் ஆசிட், ஃப்ளூயிட், எங்கேர்ந்து ரத்தம் வருதுன்னு எக்ஸாமின் பண்றதுன்னு எல்லாத்தையும் ஒண்ணா ஆரம்பிச்சாங்க. கடுமையான ரத்தப்போக்கு, அதுக்காக வயித்த திறக்கறது, அதனால வர்ற சாவு, மூணையும் சேத்து பாத்ததுல 60% குறைஞ்சுது. அதுல புது மருந்துன்னு எதுவுமே இல்ல பாருங்க. சீக்கிரமா கண்டுபிடிச்சாங்க, சேத்து செஞ்சாங்க. அப்ப உங்க 18 பேருக்கும் ஒரு உருப்படியான வேலை இருக்கு, கண்டுபிடிக்கறது. அத வேலையாவே குடுங்க.

எப்படின்னா, ஆளுக்கு 3 துண்டு பேப்பர் குடுங்க. 3-வது நிமிஷம், 6-வது நிமிஷம், கடைசி, இந்த 3 தடவையும் நீங்க ஒரு மஞ்ச அட்டைய தூக்கி காட்டுங்க, வாயத் திறக்க வேண்டாம், உள்ள இருக்கறவங்களுக்கு அது தொந்தரவாவே இருக்காது. அட்டைய பாத்ததும் வெளிய இருக்கறவங்க 2 விஷயம் எழுதணும், இதுவரைக்கும் எத்தன எம்எல் போயிருக்கு, அடுத்த 1 நிமிஷத்துல டீம் என்ன பண்ணணும். எழுதினத உடனே ஒரு டப்பால போட்டுடணும், அப்பத்தான் அப்புறமா மாத்த முடியாது. முடிஞ்சதும் நனைஞ்ச பேட், துணி எல்லாத்தையும் அவங்களையே எடை போட சொல்லுங்க, காஞ்ச எடைய கழிச்சுட்டு 1 கிராமுக்கு 1 எம்எல்னு வச்சு டிரேப்ல இருக்கறதோட கூட்டட்டும். தன் கையால 200-ன்னு எழுதினவன் தராசுல 700 வர்றத பாத்தான்னா அத மறக்க மாட்டான். நான் எத்தன லெக்சர் எடுத்தாலும் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடா வராது.

செக்லிஸ்ட்ல நீங்க பட்டது நானும் பட்டதுதான். 28 பாயின்ட்ட வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் பாக்கவே முடியாது, தேடிட்டேதான் இருப்பான். எல்லாத்தையும் எல்லாரையும் பாக்க சொல்லாதீங்க, 4 பேருக்கு ஒரு கேள்வின்னு பிரிச்சிடுங்க, ஒரு குரூப்புக்கு ஒரே கேள்வி, அந்த கேள்விக்கு பதில் அவங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்னு இருக்கட்டும்.

எங்க டிபார்ட்மென்ட்ல கோட் ப்ளூ (இதயம் நின்னுட்டா குடுக்கற அவசர அழைப்பு) ட்ரில்ல ஒண்ணு பண்றோம், ரொம்ப சிம்பிள். வெள்ளைத்தாள்ல கட்டில வரைஞ்சு சுத்தி ஆளுக்கு ஒரு வட்டம் போட்டுடணும். யாரு யாருக்கு சொன்னாங்களோ அவங்களுக்கு ஒரு அம்புக்குறி, அவங்க திருப்பி சொன்னா ("அட்ரினலின் 1 எம்ஜி போட்டாச்சு" அப்படின்னு) திரும்பி ஒரு அம்பு. யாரு பேரையும் சொல்லாம பொதுவா கத்தினா காத்துல விட்ட மாதிரி வெளிப்பக்கமா அம்பு. ஒரு தடவ ஒரு பிஜி (மேல்படிப்பு படிக்கிற டாக்டர்) டீம் லீடரா இருந்தாரு, நல்ல திறமசாலி, சத்தமா தெளிவாத்தான் பேசினாரு. ஒரு சிஆர்ஆர்ஐ பொண்ணு வரைஞ்ச தாள எடுத்து மேஜ மேல வச்சோம், அவரு வட்டத்துலேர்ந்து 14 அம்பு, அதுல 11 வெளிய போகுது, திரும்பி வந்தது 2. நாங்க ஒரு வார்த்த பேசல. அவரே அந்தத் தாள ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் "நான் யாரையுமே பேர் சொல்லி கூப்பிடலயா"ன்னு கேட்டாரு. வரைஞ்ச பொண்ணும் அதுக்கப்புறம் வார்டுல பேர் சொல்லித்தான் கேப்பா, சொன்னத திருப்பியும் சொல்லுவா. பாத்தவளும் கத்துக்கிட்டா, செஞ்சவரும் கத்துக்கிட்டாரு.

சிபிஆர்லயும் அப்படித்தான், ஒருத்தருக்கு கம்ப்ரஷன் (நெஞ்ச அழுத்தறது) பண்றவங்க முழங்கைய மட்டும் பாருன்னு சொல்லிடுவேன். ஒண்ணரை நிமிஷம் தாண்டினதும் முழங்கை மடங்க ஆரம்பிக்கும், ஆழம் 5 சென்டிமீட்டருக்கு கம்மி ஆயிடும், பண்றவங்களுக்கு அது தெரியவே தெரியாது. 2 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆள மாத்துன்னு ஏன் சொல்றாங்கன்னு அத பாத்தவனுக்கு புக்க தொறக்காமயே புரிஞ்சிடும். இன்னொருத்தருக்கு ஸ்டாப்வாட்ச், கைய எடுத்ததுலேர்ந்து திரும்ப வைக்கிற வரைக்கும் எத்தன செகண்ட். பல்ஸ் பாக்க 10 செகண்ட்னு எல்லாருமே ஒப்பிப்பாங்க, அளந்தா 20-ஐ தாண்டும்.

---

சிஆர்ஆர்ஐ_நைட்டியூட்டி எழுதினது:

மேடம் வணக்கம், நான் இப்ப சிஆர்ஆர்ஐ, உங்க காலேஜ் இல்ல. சுவத்தோரம் நின்ன ஆளாவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

போன எடுக்கறது திமிருல இல்ல மேடம். முதல் விஷயம், எங்களுக்கு எதுவும் தெரியாது, 5 பேர் முதுகுதான் தெரியும், மானிட்டர் டீம் பக்கம் திரும்பி இருக்கும், பேசறது பாதி காதுல விழாது. ரெண்டாவது, முடிஞ்சதும் டீப்ரீஃப்ல (நடந்தத உக்காந்து பேசறப்ப) கேள்வி எல்லாமே அந்த 5 பேருக்குத்தான், "நீ ஏன் அப்படி பண்ண, அப்ப என்ன நினச்ச"ன்னு, எங்கள பாத்து கடைசில "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா"ன்னு கேப்பாங்க, அப்ப மணி 4:30 ஆயிருக்கும், எவன் வாயத் திறப்பான். நம்மகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்லன்னு தெரிஞ்சுட்டா மண்ட தானா ஆஃப் ஆயிடும்.

எங்களுக்கு ஒரு தடவ ஒரு சார் வேற மாதிரி பண்ணாரு. அதே கேஸ் 2 தடவ ஓடும், முதல் டீம் முடிச்சதும் 10 நிமிஷம் பேசிட்டு இரண்டாவது டீம் உள்ள போகும், யாரு போவாங்கன்னு முன்னாடியே சொல்ல மாட்டேன்னுட்டாரு. அன்னைக்கு ஒருத்தன் கூட செவுத்துல சாயல. நான் உள்ள போகல, ஆனா போகணும்னு நினச்சே பாத்ததுல ட்ரே எங்க இருக்கு, ஆக்சிடோசின் எந்த ட்ராயர், யாரு போன் பண்ணாங்க எல்லாமே இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. அன்னைக்கு எனக்கு குடுத்த கேள்வி "லைன பாரு", அதாவது வென்ஃப்ளான் (மருந்து ஏத்த கைல போடற ஊசிக்குழாய்) எத்தன போட்டாங்க, எப்ப போட்டாங்க, எது வழியா என்ன போகுது. அவ்வளவுதான்.

2 மாசம் கழிச்சு லேபர் வார்டுல ராத்திரி ஒரு நிஜ பிபிஎச். பிஜி, டியூட்டி டாக்டர், 2 ஸ்டாஃப் எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க, நான் பின்னாடி. சொல்லப்போனா நிஜத்துலயும் நாங்க முக்காவாசி நேரம் பின்னாடிதான் நிக்கிறோம், கைல வேலை இருக்காது. என் கண்ணு பழக்கத்துல லைனுக்கு போச்சு, ஒரே லைன், பச்ச கலர், அதுலதான் ஆக்சிடோசின் ட்ரிப் ஓடுது. "மேடம், ரெண்டாவது லைன் இல்ல, நான் போடட்டுமா"ன்னு கேட்டேன். பிஜி திரும்பி கூட பாக்காம "போடு, 16 போடு"ன்னாங்க, அது பச்சைய விட பெரிய சைஸ். போட்டேன். 5 நிமிஷத்துல அது வழியா பிளட் போச்சு. அந்த அம்மா 4-வது நாள் வீட்டுக்கு போனாங்க. நான் பெருசா ஒண்ணும் பண்ணல, எங்க பாக்கணும்னு எனக்கு ஒருத்தர் முன்னாடியே சொல்லி குடுத்திருந்தாரு, அதனாலதான் இத எழுதறேன்.

அதனால மேடம், மொதல்ல நாற்காலிய அரைவட்டமா போட்டு கட்டில திருப்பி வைங்க. மானிட்டர் எங்களுக்கும் தெரியணும். கேஸ் ஷீட்ட எங்க கைலயும் ஒண்ணு குடுங்க.

---

அனஸ்தீசியா_ப்ரொஃபசர் எழுதினது:

மேல சொன்னது எல்லாத்தையும் ஒத்துக்கறேன். ஆனா ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும், இல்லன்னா நாளைக்கு எல்லா காலேஜ்லயும் "பாத்தாலே போதும்"னு சொல்லி பேட்ச்ச 40 ஆக்கிடுவாங்க.

இதப் பத்தி வந்த ஆராய்ச்சிகள எல்லாம் தொகுத்து 2016-ல ஒரு ரிவ்யூ வந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே முடிவு வரல. சில ஆய்வுல பாத்தவங்க செஞ்சவங்களுக்கு சமமா கத்துக்கிட்டாங்க, சிலதுல செஞ்சவங்கதான் மேல. தெளிவா தெரிஞ்சது என்னன்னா, பாக்கறவங்களுக்கு என்ன பாக்கணும்னு சொல்லி ஒரு தாளோ ஒரு பொறுப்போ குடுத்த எடத்துலதான் பாத்து கத்துக்கறது நடந்துச்சு. சும்மா உக்கார வச்சா நடக்கும்னு யாரும் சொல்லல. 2017-ல சிங்கப்பூர்லேர்ந்து ஒரு ட்ரயல், ஹாட் சீட்ல இருந்தவங்களுக்கு (அதாவது உள்ள நின்னு செஞ்சவங்களுக்கு) டென்ஷன் கூட இருந்துச்சு, ஆனா அப்புறமா டெஸ்ட் பண்ணி பாத்தப்ப நான்-டெக்னிகல் ஸ்கில்ல பாத்தவங்க பின்தங்கி இல்ல. நான்-டெக்னிகல்ங்கற வார்த்தைய கவனிங்க. முடிவெடுக்கறது, பேசறது, சூழ்நிலைய புரிஞ்சுக்கறது, இதெல்லாம் கண்ணாலயும் காதாலயும் கத்துக்கலாம். பைமேனுவல் கம்ப்ரஷன யாரும் பாத்து கத்துக்க முடியாது மேடம். முஷ்டிய உள்ள வச்சு இன்னொரு கைய வயித்து மேல வச்சு அழுத்தி 5 நிமிஷம் பிடிச்சா முன்னங்கை எப்படி நடுங்கும்னு கைக்குத்தான் தெரியணும்.

அதனால முதல் அரை மணி நேரத்த கைக்கு குடுத்துடுங்க. 3 மேஜ போட்டு ஒண்ணுல மசாஜும் பைமேனுவலும், ஒண்ணுல மருந்த இழுத்து லோட் பண்றது, ஒண்ணுல லைன், 23 பேரும் 3 மேஜையையும் சுத்தி வரட்டும். அப்புறம் சீன் ஆரம்பிங்க. கைல ஒரு தடவ செஞ்சு பாத்தவன் பாக்கற பார்வையே வேற.

இன்னொரு யோசனை. கேஸ் ஷீட்டுல ஒரு கண்ணி வைங்க. நான் வைக்கறது பிரஷர், அட்மிஷன் நோட்ஸ்ல பிபி 150/100-ன்னு ஒரு ஓரமா இருக்கும். உள்ள பரபரப்புல யாராவது ஒருத்தர் "மெத்தர்ஜின் குடுங்க"ன்னு கேப்பாங்க, கிட்டத்தட்ட எல்லா தடவையும் கேக்கறாங்க. அது கர்ப்பப்பைய சுருக்கற ஊசி, ஆனா பிபிய இன்னும் ஏத்திடும். வெளிய இருக்கறவங்க கைல அதே கேஸ் ஷீட் இருக்கு, அந்த நிமிஷம் மஞ்ச அட்டைய தூக்குங்க. "குடுக்கலாமா, வேண்டாமா, ஏன், வேண்டாம்னா பதிலா என்ன" அப்படின்னு எழுதட்டும். ஆஸ்துமா கேஸ் வச்சு கார்போப்ரோஸ்ட்டுக்கும் இதே மாதிரி பண்ணலாம், அதுவும் கர்ப்பப்பைய சுருக்கற ஊசிதான், ஆனா மூச்சுக்குழாயையும் சுருக்கிடும். உள்ள இருக்கறவங்கள நிறுத்த வேண்டாம், ட்யூட்டர் மேடத்துக்கு அது எப்படியும் பொய் ஊசிதான். சீன அடிக்கடி நிறுத்தி நிறுத்தி பாடம் எடுத்தா அவங்களுக்கு ஓட்டமே போயிடும், நான் பழைய பேட்ச்ல அப்படி பண்ணி கெடுத்திருக்கேன்.

---

நர்சிங்_ட்யூட்டர்_அக்கா எழுதினது:

அந்தப் பையன் நொந்துட்டான்னு எழுதியிருந்தீங்க பாருங்க, எல்லாரும் அத தாண்டி போயிட்டாங்க, எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல பட்டுச்சு.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு எடத்துல ஒரு ஸ்டூடன்ட் ட்ரில்ல பதட்டத்துல குழந்தைக்கு போட வேண்டிய மாஸ்க்க தலகீழா வச்சுட்டா. பாத்துட்டு நின்ன யாரோ போன்ல எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு 1 வாரம் காலேஜுக்கு வரல, திரும்பி வந்தப்புறமும் லேப்னா கை நடுங்கும். நல்ல நர்ஸா வந்திருக்க வேண்டிய பொண்ணு. அன்னைலேர்ந்து என் லேப்ல போன் வாசல்ல இருக்கற டப்பால போட்டுட்டுத்தான் உள்ள வரணும், எனக்கும் சேத்துத்தான். கேஷுவால்டி சார் ஸ்டாப்வாட்ச்னு சொன்னாரு, அதுக்காக போன கைல குடுக்காதீங்க சார், ஸ்டேஷனரி கடைல ஸ்டாப்வாட்ச் கிடைக்கும், இல்லன்னா ஒரு பெரிய சுவர் கடிகாரம் செகண்ட் முள்ளோட மாட்டுங்க, எல்லாருக்கும் ஒரே நேரமா இருக்கும்.

ரெண்டாவது, பாக்கறவங்களுக்கு எப்படி பேசணும்னு முன்னாடியே சொல்லி குடுக்கணும். நான் சொல்றது இதுதான், "நேரத்தோட சொல்லு, கண்ணால பாத்தத சொல்லு, காதுல கேட்டத சொல்லு, அதுக்கு மேல வேண்டாம்". "அவ பயந்துட்டா" அப்படின்னு சொல்லக் கூடாது, பயந்தாளா இல்லையான்னு உனக்கெப்படி தெரியும். "4-வது நிமிஷம் கைய மசாஜ்லேர்ந்து எடுத்தாங்க, திரும்ப வைக்க 50 செகண்ட் ஆச்சு"ன்னு சொல்லலாம். அப்படி சொன்னா கேக்கறவங்களுக்கு வலிக்காது, "ஆமா, அப்ப கேத்தீட்டர் எடுக்க போனேன்"னு பதில் வரும். அங்கதான் பாடமே ஆரம்பிக்குது, மசாஜ் பண்றவங்க கேத்தீட்டர் எடுக்க போகலாமா, வேற யாரு போயிருக்கணும்னு. டீப்ரீஃப்ல முதல்ல உள்ள இருந்தவங்க மனசுல இருக்கறத கொட்டட்டும், 2 நிமிஷம் போதும், அது கொட்டாம எதுவும் உள்ள ஏறாது. அதுக்கப்புறம் உடனே பாத்தவங்க முறை. ஃபேகல்ட்டி கடைசில பேசுங்க, ரொம்ப கடைசில. நாம முதல்ல பேசிட்டா அப்புறம் அவங்க நாம சொன்னதத்தான் திருப்பி சொல்லுவாங்க.

மூணாவது, ஒரு குரூப்ப அந்த அம்மாவ மட்டும் பாக்க விடுங்க. வியாதிய இல்ல, அம்மாவ. அவங்ககிட்ட யாரு பேசினாங்க, எப்ப பேசினாங்க, அவங்க கேட்டதுக்கு பதில் கிடைச்சுதா. எங்க லேப்ல நானும் அந்த பெல்ட்ட கட்டிக்கிட்டு படுப்பேன். 5 பேர் என் மேல குனிஞ்சு ஆளுக்கொண்ணு பண்றப்ப நடிப்புன்னு தெரிஞ்சும் நெஞ்சு படபடக்கும், ஒருத்தர் என் முகத்த பாத்து "அம்மா, ரத்தம் கொஞ்சம் அதிகமா போகுது, நாங்க பாத்துக்கறோம், பாப்பா நல்லா இருக்கு"ன்னு சொன்னா போதும். ஒரு தடவ அந்த குரூப்ல இருந்த பையன் எழுதி குடுத்த தாள்ல ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு, "7 நிமிஷம், அம்மா 9 தடவ கூப்பிட்டாங்க, யாரும் திரும்பல". அத சத்தமா வாசிச்சதும் ரூம் அப்படியே அமைதியாயிடுச்சு. உள்ள இருந்த ஒரு பொண்ணு என் கைய பிடிச்சுட்டு சாரி மேடம்னு அழுதுட்டா.

முடிஞ்சா நர்சிங் பசங்களையும் சிஆர்ஆர்ஐயையும் ஒரே பேட்ச்ல வைங்க. வார்டுல ஒண்ணாத்தான் நிக்கப் போறாங்க.

---

சிங்கை_ஸ்டாஃப்நர்ஸ் எழுதினது:

ஒண்ணே ஒண்ணு சேக்கறேன். ஆஸ்திரேலியால நர்சிங் சிமுலேஷன்ல டேக் டீம்னு ஒரு முறை இருக்கு, பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் பண்ண ஃபோரம் தியேட்டர்லேர்ந்து எடுத்தது, அதுல பாக்கறவங்களே எழுந்து போய் நடிக்கிறவங்க எடத்த எடுத்துக்கலாம். சீன் நடுவுல உள்ள இருக்கறவங்க தவிச்சா வெளிலேர்ந்து ஒருத்தர் தோள தட்டி உள்ள போவாங்க, அவங்க வெளிய வந்து பாப்பாங்க. எனக்கு இதுல பிடிச்சது, வெளிய வர்றவங்களுக்கு தோத்துட்டோம்னு தோணாது, ஏன்னா எல்லாருமே மாறத்தான் போறாங்கன்னு முன்னாடியே தெரியும். ஆனா பிபிஎச் மாதிரி வேகமான கேஸ்ல 1 தடவைக்கு மேல மாத்தாதீங்க, குழம்பிடும். மாறுறப்ப நிலைமைய ஒப்படைச்சுட்டுத்தான் வெளிய வரணும்னு சொல்லுங்க, ஹேண்ட்ஓவரும் அதுலயே பழகிடும்.

---

லேபர்வார்டு_ஏபி எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து அடுத்த பேட்ச் முடிஞ்சுது, சூட்டோட எழுதறேன்.

முதல் அரை மணி 3 மேஜ, 23 பேரும் கைல செஞ்சாங்க. அப்புறம் 10 நிமிஷ சீன் 2 தடவ. கட்டில திருப்பி, நாற்காலி அரைவட்டம், போன் டப்பால (என் போனும்தான்). வெளிய இருந்த 18 பேர 4 குரூப்பா பிரிச்சேன், ரத்தம், பேச்சு, மருந்தும் நேரமும், அம்மா. டேக் டீம் இந்த தடவ எடுக்கல, பசங்க கொஞ்சம் பழகட்டும்னு விட்டுட்டேன்.

3-வது நிமிஷம் உண்மையா போனது 350, ரத்த குரூப்பு எழுதினது 100-லேர்ந்து 250 வரைக்கும். கடைசில 1150, அவங்க எழுதினதுல பெருசு 800, சின்னது 300. பேட எல்லாம் தராசுல வச்சு ஒரு பையன் சத்தமா கூட்டிட்டே வந்தான், 600 தாண்டினதும் அவனோட குரலே இறங்கிடுச்சு. இரண்டாவது ரவுண்டுல எல்லாரோட நம்பரும் ஏறிடுச்சு, ஒருத்தி கூடவே எழுதிட்டா, அது எனக்கு சந்தோஷம்தான்.

ஆனா நான் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. ரத்த குரூப்ல ஒரு பொண்ணு 6-வது நிமிஷ துண்டுல "500 தாண்டிடுச்சு, பிளட் பேங்குக்கு யாரும் சொல்லல"ன்னு எழுதியிருந்தா. டீம் பிளட் கேட்டது 9-வது நிமிஷம். அந்தத் துண்ட வாசிச்சதும் டீம் லீடரா இருந்த பையன் உடனே மறுத்தான், "எனக்கு அவ்வளவு தெரியலயே மேடம்"னான். அப்ப பேச்சு குரூப்புல ஒருத்தன் தான் வரைஞ்ச படத்த தூக்கி காட்டினான், லீடர் வட்டம் அம்மாவோட தலமாட்டுல இருக்கு, டிரேப் கால்மாட்டுல. "நீ நின்ன எடத்துலேர்ந்து டிரேப் தெரியவே தெரியாதுடா, கால் பக்கம் நின்ன ஸ்டாஃப் உனக்கு ஒரு தடவ கூட அளவு சொல்லல"ன்னான். 6 வருஷமா இந்த ட்ரில் எடுக்கறேன், எனக்கே அது தோணினதில்ல. இரண்டாவது டீம் உள்ள போனதும் முதல் வார்த்தையே "டிரேப் பக்கம் யாரு, 2 நிமிஷத்துக்கு ஒரு தடவ நம்பர் சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. சொன்னாங்க, பிளட் 5-வது நிமிஷமே கேட்டாங்க, டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு.

இன்னைக்கு காலைல லேபர் வார்டு ரவுண்ட்ஸ் போனேன். திங்கக்கிழமை டியூட்டி ஆரம்பிச்ச அந்த 300-ன்னு சொன்ன பொண்ணு அங்க இருந்தா. அவள அடுத்த பேட்ச்சுக்கு திரும்ப வர சொல்லியிருக்கேன், ரத்த குரூப்புல உக்கார.

---

நர்சிங்_ட்யூட்டர்_அக்கா எழுதினது:

மேடம், படிக்கவே மனசு நெறஞ்சு போச்சு. தராசு எது வச்சிருக்கீங்க? எங்க லேப்ல பாப்பா வெயிட் பாக்கற மெஷின்தான் இருக்கு, அது சின்ன எடைய சரியா காட்ட மாட்டேங்குது.

---

லேபர்வார்டு_ஏபி எழுதினது:

சமையல்கட்டுல வச்சுக்கற டிஜிட்டல் தராசுதான் அக்கா, 5 கிலோ வரைக்கும் 1 கிராம் கணக்குல காட்டும். மேல ஒரு பாலிதீன் கவர் போட்டுட்டு வைங்க, இல்லன்னா செகப்பு தண்ணி உள்ள எறங்கிடும். காஞ்ச பேட் எடைய மொதல்லயே ஒரு தாள்ல எழுதி தராசு பக்கத்துல ஒட்டிடுங்க, நேத்து எங்களுக்கு அதுலதான் 5 நிமிஷம் போச்சு.